பெடல் வாங்கும் முன் கொஞ்சம் திண்ணையில் உட்காருங்கள்

கேள்வி: தினமும் காலையில் காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். ஷூவைப் பூட்டி மிதிக்கும் கிளிப் பெடல். குதிகால் கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் கம்பியில், உரசுகிறது. திரும்பி வரும்போது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது. பெடலைக் கிராங்கிலிருந்து தள்ளி வைக்கும் எக்ஸ்டெண்டர் துண்டை நடுவே மாட்டினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கடைகளில் கிடைக்கும் எக்ஸ்டெண்டர் பெரும்பாலும் ஒரு காலை 20 மி.மீ. வெளியே தள்ளும். இரண்டு காலுக்கும் சேர்த்தால் 40. உங்களுக்குத் தேவை நாலைந்து மில்லிமீட்டராகத்தான் இருக்கும்.

கால் தரையைத் தொடாத உயரமான திண்ணையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். பாதம் இயல்பாக வெளிப்பக்கம் திரும்பி நின்றால் அதுதான் உங்கள் உடல்வாகு. அந்தப் பாதத்தை நேராக்கிப் பூட்டினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்; திரும்பியபடி விட்டால் குதிகால் கிராங்கில் இடிக்கும். அதனால் பாதத்தைத் திருத்தாமல், கிராங்கிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதே வழி. சீட் உயரத்தையும் பாருங்கள். சீட் தாழ்ந்திருந்தாலும் முழங்கால் வெளியே விரியும். அதற்குப் பெடலைக் குறை சொல்லிப் பயனில்லை.

செலவில்லாத வேலை, ஷூவின் அடியில் உள்ள கிளீட்டை, அதாவது பெடலில் பூட்டிக்கொள்ளும் கட்டையை, நகர்த்துவது. இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கிளீட்டைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்தினால்தான் பாதம் வெளியே போகும். பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, 2 மி.மீ. நகர்த்தி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள்.

போதவில்லையா? பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவே வாஷர் போடலாம், ஆனால் 2 மி.மீ.க்கு மேல் கூடாது. பெடல் மரை அங்குலத்துக்கு 20 சுற்று, அதாவது ஒரு சுற்று 1.27 மி.மீ. வாஷர் தடிமனானால் அந்த அளவுக்கு அச்சு உள்ளே பிடிக்காது. அலுமினியக் கிராங்கில் மரை பிய்ந்தால் செலவு பெடலோடு நிற்காது.

அதற்கும் மேல் தேவைப்பட்டால் நீள அச்சுப் பெடல். கிராங்கின் வெளி முகத்திலிருந்து பெடலின் நடுப்பகுதி வரை அளந்தால் ரோடு பெடல்களில் சுமார் 53 மி.மீ. வரும். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் அல்டெக்ரா, டியூரா-ஏஸ் பெடல் வரிசைகளில் 4 மி.மீ. நீண்ட அச்சும் உண்டு. பெட்டியில் அதைப் பார்த்து வாங்குங்கள். எக்ஸ்டெண்டர் கடைசி வழி. நெம்புவிசை கூடி கிராங்க் மரைக்குச் சுமை ஏறும். வளைவில் சாய்ந்து மிதித்தால் பெடல் தரையில் இடிக்கவும் வாய்ப்பு அதிகம்.

மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். இடது பெடலுக்கு எதிர்மரை: இறுக்க இடப்பக்கம், கழற்ற வலப்பக்கம். கையால் திருகும்போதே முரண்டு பிடித்தால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். பெடல் பக்கம் மாறியிருக்கலாம், அல்லது மரை கோணலாக ஏறுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வலி நீடித்தால் பெடலுக்குச் செலவு செய்வதை விட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகனின் சின்ன சைக்கிளுக்குப் புதுப் பெடல் வாங்கினேன், உள்ளே போகவே மறுக்கிறது. ஏன்?

பதில்: இரு பக்கமும் ஒரே கம்பியாக வளைந்த கிராங்க் என்றால் அதன் துளை அரை அங்குலம். நீங்கள் வாங்கியது 9/16 அங்குலமாக இருக்கும். பழைய பெடலைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.