மினியாபொலிஸ், ஹம்ப்ரி ஸ்கூல், வீட்டுப் பத்திரம்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பொண்ணுக்கு மினசோட்டா யுனிவர்சிட்டி ஹம்ப்ரி ஸ்கூல்ல சீட் கிடைச்சிருக்கு. பப்ளிக் அஃபேர்ஸ்னா ஐ.ஏ.எஸ் கோச்சிங் மாதிரியா?

பதில்: அய்யோ இல்லீங்க 😄 பப்ளிக் பாலிசி, நகரத் திட்டமிடல் எல்லாம் மாஸ்டர்ஸ்ல சொல்லித் தர்ற இடம், முடிச்சவங்க சிட்டி ஆபீஸ், கவுன்ட்டி, என்ஜிஓன்னு போவாங்க. பேரு ஹியூபர்ட் ஹம்ப்ரியோடது. மினியாபொலிஸ் மேயரா இருக்கும்போதே 1948 டெமாக்ரடிக் கட்சி மாநாட்டுல கறுப்பர் உரிமைத் தீர்மானத்துக்காகப் பேசினவரு, அது பாஸ் ஆனதும் மிசிசிப்பி மாநிலப் பிரதிநிதிங்க எழுந்து வெளிய போய்ட்டாங்க.

கேள்வி: இன சமத்துவம்னு எல்லா காலேஜும் போர்டு மாட்டுது. இங்க உருப்படியா ஏதாவது நடக்குதா?

பதில்: போர்டு கேஸும் நிறைய இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இங்க ராய் வில்கின்ஸ் சென்டர் 1992லயே ஆரம்பிச்சது. வீட்டுக் கடன் யாருக்கு மறுக்கறாங்க, அரசு கான்ட்ராக்ட் யாருக்குப் போகுதுன்னு கணக்கு போட்டு காட்டறவங்க. அங்க சாமுவேல் மையர்ஸ்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர், "மினசோட்டா பாரடாக்ஸ்"னு சொன்னவரு. வெள்ளைக்காரங்களுக்கு வாழ நாட்டுலயே நல்ல இடங்கள்ல இது ஒண்ணு, கறுப்பர்களுக்கு மோசமான இடங்கள்லயும் ஒண்ணு, ரெண்டும் ஒரே மாநிலம்! 2020ல மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃப்ளாய்ட்ங்கற கறுப்பர போலீஸ் கொன்னதுக்கு அப்புறம்தான் வெளியூர்க்காரங்க முழிச்சாங்க, அங்க கணக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே மேசையில இருந்தது.

கேள்வி: நாங்க மினியாபொலிஸ்ல பழைய வீடு பாக்கறோம். பத்திரத்துல சாதி மாதிரி ஏதோ எழுதியிருக்கும்னு ஒருத்தர் பயமுறுத்தறார், நிஜமா?

பதில்: நிஜம்தான் தம்பி, ஆனா பயப்பட வேணாம். இப்படி இனத்தடை போட்டு 1910ல அங்க எழுதின முதல் பத்திரங்கள்ல ஒண்ணுல, சீன, ஜப்பானிய, மூர், துருக்கிய, நீக்ரோ, மங்கோலிய, ஆப்பிரிக்க ரத்தம் உள்ள யாருக்கும் இந்த இடத்தை விக்கவோ அடமானம் வைக்கவோ வாடகைக்கு விடவோ கூடாதுன்னு வரிசையா போட்டிருக்கு, அப்புறம் வந்த பல பத்திரத்துல வெள்ளையர் தவிர யாரும் கூடாதுன்னே சுருக்கிட்டாங்க, அப்போ நீங்களும் நானும் அவுட். இதத் தோண்டினது ஹம்ப்ரி ஸ்கூல் இல்ல, அதே யுனிவர்சிட்டி லைப்ரரில 2016ல ஆரம்பிச்ச மேப்பிங் ப்ரெஜுடிஸ் டீம். பத்திரத்த ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர் சந்தேக வார்த்தைய புடிக்கும், அப்புறம் வாலண்டியர்ஸ் ஒவ்வொண்ணா படிச்சு உறுதி பண்ணுவாங்க, மினியாபொலிஸ்ல மட்டும் 8,000க்கு மேல கிடைச்சது. மேப்ல பாத்தா மின்னஹாஹா ஓடை ஓரம் பூரா அப்பிக்கிட்டு இருக்கும். 1948 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் கோர்ட்ல செல்லாது, 1968 ஃபெடரல் வீட்டுரிமைச் சட்டத்துல முழுசா தடை.

கேள்வி: செல்லாததுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்?

பதில்: அந்தப் பேப்பர் செத்துப்போச்சு, அதால சேந்த சொத்து சாகல. நல்ல ஏரியால வீடு வாங்க முடிஞ்சவங்க அதைப் பிள்ளைக்கு விட்டுட்டுப் போனாங்க, மத்தவங்க வாடகை கட்டிட்டே இருந்தாங்க. நான் மேப்ப முதல்ல காட்டச் சொல்றதே அதனாலதான், சமத்துவம்னு சும்மா லெக்சர் குடுத்தா யாரும் நகர மாட்டாங்க, உங்க தெரு இதுன்னு காட்டினா உக்காந்து கேப்பாங்க.

கேள்வி: அக்கா, ரோண்டோன்னா என்ன?

பதில்: மினியாபொலிஸுக்குப் பக்கத்து ஊரு செயின்ட் பால்ல இருந்த கறுப்பர் குடியிருப்பு. ஐ-94 ஹைவேய அதுக்கு நடுவால விட்டாங்க, 600க்கு மேல குடும்பம் வீட்ட இழந்தது. இதுல கொடும என்னன்னா, ரயில்வே லைன் ஓரமா வடக்கால போலாம்னு சிட்டி பிளானர் ஜார்ஜ் ஹெரால்ட் சொல்லியிருந்தாரு, யாரும் கேக்கல. செயின்ட் பால் மேயர் மன்னிப்பு கேட்டது 2015ல.

கேள்வி: மினியாபொலிஸ் 2040 பிளான்ல எல்லாம் சரியாயிடுச்சாமே?

பதில்: அது எங்க என்ன கட்டலாம்னு சொல்ற நகரத் திட்டம். ஒரு மனைல ஒரு வீடுதான்ங்கற ரூல 2018 டிசம்பர்ல ஓட்டு போட்டு தூக்கினாங்க, மூணு வீடு வரைக்கும் கட்டலாம். பேப்பர்ல எல்லாம் அதத்தான் கொண்டாடினாங்க. எனக்கென்னவோ பஸ் ரூட் ஓரமா பெரிய அபார்ட்மென்ட் விட்டதும், பார்க்கிங் கட்டாயத்த எடுத்ததும்தான் நெசமா வேலை செஞ்சது.

கேள்வி: பத்திரத்துல அந்த வரி இருந்தா எடுக்க முடியுமா?

பதில்: அழிக்க முடியாது, ரெக்கார்ட் அப்படியே இருக்கும். ஆனா 2019 மினசோட்டா சட்டப்படி இத நான் ஏத்துக்கலன்னு ஒரு டாக்குமென்ட் பதிவு பண்ணி பழசோட சேத்துடலாம். ஜஸ்ட் டீட்ஸ்னு ஒரு அமைப்பு ஃப்ரீயா வக்கீல் ஹெல்ப் தருது. வீடு ரிஜிஸ்டர் ஆனதும் அட்ரஸ அவங்க கிட்ட குடுங்க.