கச்சாங் பிந்தோய்: வெயில் மாதத்தில் இலை கொட்டுவது ஏன்?

கேள்வி: பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் எங்களுக்குக் கால் ஏக்கர் சரிவு நிலம் இருக்கிறது. எலுமிச்சை, கொய்யாக் கன்றுகள் வைத்திருக்கிறோம். மண் அரிப்பைத் தடுக்கவும் லாலான் களைப்புல்லை அடக்கவும் டிசம்பரில் கச்சாங் பிந்தோய் என்ற, தரையில் படரும் கடலை இனக் கொடியை வாங்கி நட்டேன். வறட்சியைத் தாங்கும் என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுத்தார்கள். பிப்ரவரியில் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, பூவும் இல்லை. யூரியா போடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பிடுங்கிவிட்டு வெடெலியா என்ற வேறொரு படர்கொடியை நடச் சொல்கிறார்.

பதில்: பிடுங்கிவிடாதீர்கள் அம்மா. நர்சரியில் சொன்னது பொய்யில்லை. ஆனால், வேர் ஆழமாக இறங்கிய பிறகுதான் இந்தக் கொடி வறட்சியைத் தாங்கும். நீங்கள் நட்டதோ வெயில் தொடங்கும் நேரத்தில். பிரேசிலிலிருந்து வந்த இந்தக் கொடிக்கு ஆண்டுக்கு 1,100 மி.மீ. மழை கிடைத்தாலே போதும். பினாங்கில் 2,000 மி.மீ.-க்கு மேல் பெய்கிறது. இடையில் வரும் இந்த இரண்டு மாத வெயில்தான் இளங்கொடிக்குச் சிரமம். வளர்ந்த கொடிகூடக் கடும் வெயிலில் இலையைக் கொட்டிவிட்டு, மழை வந்ததும் தரையோடு கிடக்கும் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணை ஒட்டிய தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம்.

மழை வரும்வரை வாரம் இருமுறை, காலையில், அரை அடி ஆழம் நனையும்படி தண்ணீர் விடுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். வெட்டிய காய்ந்த புல்லை மேலே பரப்பலாம். விதை பிடித்த புல் மட்டும் வேண்டாம்.

அப்புறம், இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகளும், அடியில் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் அது சிவப்புச் சிலந்திப்பேன். வெயில் காலத்தில் இந்தக் கொடியில் அடிக்கடி பார்க்கிற தொல்லைதான். ரப்பர் குழாயால் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

யூரியா வேண்டாம். அது லாலானுக்குத்தான் விருந்து. பிந்தோய் கடலை இனம், வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு தழைச்சத்தைத் (நைட்ரஜன்) தானே சேர்த்துக்கொள்ளும். ஒரு செடியை வேரோடு எடுத்து, வேரிலுள்ள முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. முடிச்சே இல்லையென்றால், பழைய பிந்தோய் படர்ந்த இடத்திலிருந்து சில பிடி மண் கொண்டுவந்து வேரடியில் போடுங்கள். உரம் என்றால் மழை தொடங்கியதும் கொஞ்சம் பாறை பாஸ்பேட் போதும்.

லாலான் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊன்றி நிற்கும் லாலானை இந்தக் கொடி ஜெயிக்காது. முதலில் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, ஏப்ரல் மழையில் இடைவெளிகளை நிரப்புங்கள். நாலைந்து கணு உள்ள ஒரு சாண் துண்டுகளை, முக்கால்வாசி மண்ணுக்குள் போகும்படி, அடிக்கு ஒன்றாகச் சரிவுக்குக் குறுக்கே நட வேண்டும். தரை மூட ஆறு மாதம் ஆகலாம். அதுவரை களை எடுக்கும் வேலை உங்களுடையதுதான். எலுமிச்சை, கொய்யாவைச் சுற்றி இரண்டடி வட்டத்துக்குள் கொடியை விடாதீர்கள். கன்றுகளின் தண்ணீரில் பங்கு கேட்கும்.

பூவுக்கு அவசரப்பட வேண்டாம். வேரூன்றிவிட்டால் ஆண்டு முழுக்கப் பூக்கும், நிழலில் கொஞ்சம் குறையும். மண்ணுக்கடியில் காய் பிடிப்பதால் எலி வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

வெடெலியாவும் வெயிலைத் தாங்கும், சீக்கிரம் படரும். ஆனால் உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஒடிந்து விழுந்த ஒரு கணு போதும், சாக்கடை ஓரம் வரை போய் வேர்விடும். தழைச்சத்தும் தராது. பழமரத் தோட்டத்துக்கு அது சரிப்படாது.