காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும்

கேள்வி: சட்டப் படிப்பில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?’ என்று வந்தால், கடைசியில் இரண்டு விடைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறேன். (வாசகி, பெரம்பூர்)

பதில்: சிக்கவைக்கும் விடை பெரும்பாலும் வாதத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும். நம் ஊர் விஷயத்தையே பார்ப்போம். 2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. ‘எனவே, உயர்வுக்குக் காரணம் மழைநீர் சேகரிப்பே’ என்கிறது வாதம்.

அ) இன்று பல வீடுகளில் சேகரிப்புக் குழிகள் தூர்ந்து கிடக்கின்றன.
ஆ) 2005இல் சென்னையில் வழக்கத்தைவிட மிக அதிகமாக மழை பெய்தது.

பலர் ‘அ’வைத் தேர்ந்தெடுப்பார்கள், திட்டத்தைக் குறை சொல்கிறதே! ஆனால் வாதம் அன்றைய உயர்வைப் பற்றியது. குழி இன்று தூர்ந்திருந்தால் அதற்கென்ன? ‘ஆ’ வேறொரு காரணத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. காக்கை உட்கார்ந்ததாலா பனம்பழம் விழுந்தது, காற்றாலா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகமே போதும். மழைநீர் சேகரிப்பால் பயனே இல்லை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. (என் வீட்டுக் குழியை ஆண்டுதோறும் தூர்வாருகிறவன் நான். அந்தப் பாசத்துக்குத் தேர்வறையில் வேலையில்லை.)

ஆகவே ‘எனவே’ எங்கே வருகிறது என்று முதலில் தேடுங்கள். அதற்கு முன்னால் இருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள். அங்கிருந்து முடிவுக்குத் தாவிய இடத்தில்தான் ஓட்டை இருக்கும்.

கேள்வி: விடையில் உள்ள தகவலே நம்பும்படி இல்லையென்றால் தள்ளிவிடலாமா?

பதில்: கூடாது. ‘கீழ்க்கண்டவை உண்மை எனில்’ என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. உங்கள் பொது அறிவைச் சற்று நேரம் வாசலில் உட்காரவையுங்கள்.

கேள்வி: ‘ஒன்றைத் தவிர மற்றவை வாதத்தைப் பலவீனப்படுத்துகின்றன’ என்ற வகையில் எப்போதும் தவறு செய்கிறேன்.

பதில்: வாதத்தை வலுப்படுத்தும் விடையைத் தேடுகிறீர்கள் என நினைக்கிறேன். அது வலுப்படுத்த வேண்டிய கட்டாயமில்லை. சம்பந்தமே இல்லாத விடையும் சரியானதே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இடிக்கிறது’, ‘இடிக்கவில்லை’ என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விடை தெரியாவிட்டால் ஊகிக்கலாமா? மகள் கிளாட், மகன் அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட் எழுதுகிறார்கள். (ஒரு தந்தை, குரோம்பேட்டை)

பதில்: இருவருக்கும் ஒரே பதில் கிடையாது. கிளாட்டில் 120 நிமிடங்களில் 120 கேள்விகள், தவறுக்கு 0.25 மதிப்பெண் போகும். இரண்டு விடைகளையாவது தள்ள முடிந்தால் மகள் துணியலாம். எல்சாட்டில் தவறான விடைக்குக் கழிவு இல்லை. மகன் ஒன்றைக்கூட வெறுமையாக விடக் கூடாது. 2024 ஆகஸ்டிலிருந்து அதில் புதிர் விளையாட்டுப் பகுதியும் நீக்கப்பட்டு, வாதக் கேள்விகளின் பங்கு கூடியிருக்கிறது. பழைய வினாத்தாள்களில் புதிர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.