தாத்தா படத்தைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: 1958-இல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அரை ஏக்கர் எழுதிக் கொடுத்தவர் என் தாத்தா. பள்ளி ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் கேட்கிறார்கள். எங்கள் வயலில் வேலை பார்த்தவருக்கு அவர் தேங்காய்ச் சிரட்டையில்தான் காபி ஊற்றுவார் என்று போன வாரம்தான் அம்மா சொன்னார். குடித்தவரே அதைக் கழுவி, மாட்டுக்கொட்டகைக் கூரையில் சொருகிவிட்டுப் போக வேண்டுமாம். படத்தைக் கழற்று என்கிறாள் மகள். செத்தவரைப் பற்றி ஏன் கிளறுகிறாய் என்கிறார் அண்ணன். நான் என்ன எழுத?
- பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்: மகளும் அண்ணனும் சண்டை போட்டாலும் கேட்பது ஒன்றைத்தான்: தாத்தா நல்லவரா கெட்டவரா, ஒன்றைச் சொல்லி முடி.

முடியாது அம்மா. நிலத்துக்கு இத்தனை மார்க், சிரட்டைக்கு இத்தனை மார்க் என்று கூட்டிக் கழிக்க வழியில்லை. நிலத்தால் பலன் அடைந்தது ஊர். சிரட்டையை ஏந்தியது ஒரு மனிதர். அவர் பட்டதை ஊர் எப்படித் தள்ளுபடி செய்யும்?

'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பக்கத்து மதுரையில் 1939-இலேயே காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் தலித்துகளை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அழைத்துப் போய்விட்டார். தீண்டாமைக்குத் தண்டனை என்று 1955-இல் சட்டமும் வந்தது. உங்கள் தாத்தா பத்திரம் பதிந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. ரிஜிஸ்டர் ஆபீஸ் வரை போய் வந்தவர் காதில் அது விழாமலா இருந்திருக்கும்?

சரி, மகளுக்கு வருகிறேன். கோபம் நியாயம்தான். ஆனால் தாத்தாவை அரக்கனாக்கிவிட்டால் வசதி நமக்குத்தான். 'அவர் அப்படி, நாம் இப்படி' என்று கையைத் துடைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கிறதா என்று அவளையே அடுப்படிக்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். என் அப்பத்தாவும் தாகம் என்று வந்தவர்களுக்குச் செம்பை உயரத் தூக்கிக் கையில்தான் தண்ணீர் ஊற்றினார். அவர் மடியில் வளர்ந்தவள் நான். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்குப் பாசமும் வருகிறது, கூச்சமும் வருகிறது. எதையும் விரட்ட முடியவில்லை.

படம் இருக்கட்டும். கழற்றினால் இந்தப் பேச்சும் அதோடு பரணுக்குப் போய்விடும்.

மலரில் இரண்டையும் எழுதுங்கள். அரை ஏக்கருக்கு ஒரு பத்தி என்றால் சிரட்டைக்கும் ஒரு பத்தி. அதற்கு முன் அந்த வேலைக்காரர் குடும்பத்தில் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று விசாரித்து, ஒரு நடை போய் வாருங்கள். மன்னிப்பு வாங்கப் போகாதீர்கள், அது அவர்களுக்கு இன்னொரு வேலை. இதை எழுதலாமா, அவர் பெயரைப் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடுங்கள். பேச விருப்பம் இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: தாத்தா கொடுத்த நிலத்தில் எழுந்த பள்ளியில் அந்த வேலைக்காரரின் பிள்ளைகள் படித்தார்களா, வகுப்பில் எங்கே உட்கார்ந்தார்கள்?