ஃபோம் கவசம்: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் என் மகன் சோழ மன்னனாக நடிக்கிறான். யோகா பாயை வெட்டி மார்புக் கவசமும் தோள் கவசமும் செய்திருக்கிறோம். ஒரு மூலையில் பொன்வண்ணம் பூசிப் பார்த்தோம். திட்டுத்திட்டாக உறிஞ்சியது, வளைத்ததும் வெடித்தது. ரெசின் பூசினால் கல் மாதிரி ஆகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். விழாவுக்கு 12 நாள்கள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: ரெசின் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உங்கள் பாயின் ஃபோம் வளையும், அதன்மேல் இறுகிய ரெசின் வளையாது. மன்னர் ஒருமுறை குனிந்தால் போதும், பிளந்துவிடும். பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்குள் அந்த வாடையும் ஆகாது.

கவசம் முழுவதும் கல்லாக இறுக வேண்டியதும் இல்லை. தெருக்கூத்தைப் பாருங்கள். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செய்த புஜகீர்த்தி என்ற தோளணியும் மார்புப் பதக்கமும் விறைப்பானவைதான். ஆனால் தனித்தனித் துண்டுகளாகக் கட்டிக்கொள்வதால் விடிய விடிய ஆட முடிகிறது. நீங்களும் மார்பையும் தோளையும் சேர்த்து ஒட்டாமல் நாடாவால் இணையுங்கள்.

முதலில் உங்கள் பாய் எதனால் ஆனது என்று பாருங்கள். யோகா பாய் என்று விற்பதெல்லாம் ஒரே பொருள் அல்ல. ஈ.வி.ஏ. என்ற மென்மையான ஃபோம் வகை என்றால் நல்லது. பி.வி.சி. என்றால் சூடு காட்டவே கூடாது, நச்சுப்புகை வரும். அப்போது அடுத்த பத்தியை விட்டுவிட்டுத் துணி ஒட்டும் வேலைக்குப் போய்விடுங்கள்.

ஈ.வி.ஏ. என்றால், வெளிப்பக்கத்தை நயமான உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஹீட் கன் (சூடான காற்று வீசும் கருவி) காட்டுங்கள். முடி உலர்த்தும் கருவியின் சூடு பெரும்பாலும் போதாது. ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகள் மூடி லேசான பளபளப்பு வரும். பெயிண்டை உறிஞ்சுவது இதனால் பெருமளவு குறையும். சூடு இருக்கும்போதே துணிக் கையுறையோடு ஒரு குடத்தின்மேல் அழுத்தி ஆறும்வரை பிடித்திருங்கள்; அந்த வளைவு அப்படியே நிற்கும். நாட்டு ஓட்டுக்கு வளைவு தருகிற உறுதியைப் போலத்தான் இதுவும். பாதி வலு இங்கேயே கிடைத்துவிடும். பசையும் துணியும் மீதிக்குத்தான்.

அந்த மீதியை உள்பக்கத்தில் செய்யுங்கள். பலரும் வெளியே பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, கவசத்துக்குக் கனத்தைத்தான் கூட்டுகிறார்கள். உள்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மரவேலைக்கான வெள்ளைப் பசையைப் பூசி, பழைய பருத்தி வேட்டித் துண்டுகளைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள். ஒரு படலத்துக்கு அடுத்ததை மூலைவாட்டில் சாய்வாக வைத்தால் எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும். இரண்டு படலம் போதும். அக்குள், இடுப்பு போன்ற மடங்கும் இடங்களில் துணி வேண்டாம். சாதாரண வெள்ளைப் பசை வியர்வையில் இளகும் என்பதால், நீர் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வெளியே அதே பசையில் சம அளவு தண்ணீர் கலந்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை. வெண்மை மறைந்து கண்ணாடி போல் ஆன பிறகே அடுத்த பூச்சு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் இது மெதுவாகத்தான் காயும். 12 நாளில் மூன்றையாவது இதற்கு ஒதுக்குங்கள். மின்விசிறி போதும், மொட்டைமாடி வெயில் வேண்டாம், வளைவு தளர்ந்துவிடும்.

இணைப்புகளுக்கு ரப்பர் பசைதான் என் தேர்வு. இரு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்ததும் அழுத்த வேண்டும். சூட்டுப்பசைத் துப்பாக்கியை நம்பி ஒரு சித்திரை மாதத்தில் நான் பட்டிருக்கிறேன். காருக்குள் வைத்த கவசம் மதியத்துக்குள் நாலு துண்டாகிக் கிடந்தது.

இனி வண்ணம், ஆனால் அதற்கு முன் ஒத்திகை. மகனுக்குக் கவசத்தைக் கட்டி, உட்காரச் சொல்லுங்கள், வாளை உருவச் சொல்லுங்கள். மேற்பரப்பு எங்கே மடிகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, அந்த இடத்தில் வெட்டி நாடா வையுங்கள். பிறகு கறுப்பு அக்ரிலிக்கை அடிவண்ணமாகப் பூசி, அதன்மேல் பொன்வண்ணத்தைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். எனாமல் மட்டும் வேண்டாம். அது இறுகி வெடிக்கும்.