ஜோசன் காலத் துப்பறியும் நாவலைக் குழம்பாமல் படிப்பது எப்படி?

பழைய கொரியாவில் நடக்கும் மர்ம நாவல், பெயர்களும் பதவிகளும் குழப்பி ஐம்பதாம் பக்கத்தோடு நின்றுவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் கதை நடக்கும் ஆண்டைக் கண்டுபிடியுங்கள். ஜோசன் வம்சம் 1392-இல் தொடங்கி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. 1762 என்றால் சாடோ இளவரசரைத் தந்தையான மன்னரே அரிசிப் பெட்டியில் அடைத்துச் சாகவிட்ட ஆண்டு. 1801 என்றால் கத்தோலிக்கர்களை வேட்டையாடிய ஆண்டு. ஊரே எதற்காக வாய் திறக்க மறுக்கிறது என்பது இதிலேயே பாதி விளங்கிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்குப் பக்கத்திலும் அந்தஸ்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: யாங்பான் பிரபுவா, மருத்துவர், மொழிபெயர்ப்பாளர் போன்ற நடுத்தட்டுச் சுங்கினா, உழவரா, அடிமையா? அடிமை தன் எஜமானர்மேல் புகார் கொடுக்கக் கூடாது. ராஜத்துரோகம் மட்டும் விதிவிலக்கு. மற்றபடி கொடுத்தால் கொடுத்தவருக்கே மரண தண்டனை. "இந்த வேலைக்காரி முன்பே சொல்லியிருக்கலாமே" என்று கதாசிரியரைத் திட்டாதீர்கள். உயர்குடிப் பெண்கள் இருக்கும் உள்கட்டுக்குள் காவலர்கள் நினைத்தபடி நுழைய முடியாது. அங்கே விசாரிக்க, போடோச்சோங் என்ற காவல் அலுவலகம் டாமோ எனப்படும் பணிப்பெண்களை அனுப்பியது. இக்கால நாவல்கள் பலவற்றில் கதாநாயகி டாமோவாக இருப்பது இதனால்தான்.

சடலம் வரும் இடத்தில் நிதானமாகப் படியுங்கள். அறுத்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது. சடலத்தைக் கழுவி, நிறம், வீக்கம், காயத்தின் அளவு எல்லாம் பதிவு செய்வார்கள். 1438-இல் சேஜோங் மன்னர் காலத்தில் உரையோடு தயாரான 'சின்ஜு முவோன்னோக்' இதற்கான கையேடு. முதல் பரிசோதனைக்குப் பிறகு வேறொரு அதிகாரி, முதல் அறிக்கையைப் பார்க்காமல், மறுபடி பரிசோதிக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் மூன்றாவதும் உண்டு. லஞ்சம் நுழைவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். விஷம் இருந்தால் கறுக்கும் என்று சொல்லும் வெள்ளி ஊசிச் சோதனையை நம்பிவிடாதீர்கள். வெள்ளியைக் கறுக்க வைப்பது, அக்கால ஆர்சனிக்கில் கலந்திருந்த கந்தகம். அழுகிய உடலிலும் கந்தகம் உண்டு என்பதால் விஷமே இல்லாமலும் ஊசி கறுக்கும். நாவிச் செடியின் நஞ்சுக்கோ கறுக்கவே கறுக்காது. துப்பறிபவர் ஊசி பளிச்சென்றிருப்பதைப் பார்த்து "விஷமில்லை" என்றால், அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்.

நேரக் கணக்கும் வேறு. ஒரு நாளுக்குப் பன்னிரண்டு பொழுதுகள்; 'எலிப் பொழுது' என்றால் இரவு 11 முதல் 1 வரை. சாட்சி சொல்லும் நேரத்தில் இரண்டு மணி நேர ஓட்டை இருக்கும். தலைநகர் ஹன்யாங்கில் இரவு 28 முறை மணி அடித்தால் ஊரடங்கு, விடியுமுன் 33 முறை அடித்தால் நகர வாசல்கள் திறக்கும்.

இனி பெயர்கள். குடும்பப் பெயர் முதலில் வரும். திருமணத்துக்குப் பிறகும் மனைவி தன் தந்தையின் குடும்பப் பெயரிலேயே இருப்பார். உடன்பிறந்தவர்களுக்கு ஓர் அசை பொதுவாக இருப்பது சகஜம். மாறுபடும் அசையை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கடைசியில் ஆசிரியர் குறிப்பு இருந்தால் முன்கூட்டியே புரட்டாதீர்கள். எந்த உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று அதில் சொல்லிவிடுவார்கள். கொலையாளி அங்கேயே தெரிந்துபோவார்.