ரிமோட் வேலைக்கு ஜெர்மன் எதற்கு என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உன் கேள்வியைப் படித்தேன். போச்சம்பள்ளி சிப்காட்டில் உற்பத்தி லைனில் இருக்கும் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இப்போது ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடி லைனில் ஆபரேட்டர்கள் நின்று வேலை செய்யும் எல்லா ஸ்டேஷன்களின் கணினிகளையும் கவனிக்க வேண்டும், கோளாறு வந்தால் அங்கிருந்தே சரிசெய்ய வேண்டும். சம்பளம் போதுமா, குளிர் தாங்குமா, சாப்பாட்டுக்கு என்ன வழி, மனைவியை எப்போது கூட்டிவரலாம் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "ரிமோட் வேலைதானே அண்ணா, ஆட்களோடு பழக்கமே இருக்காது, ஜெர்மன் இல்லாமல் ஓட்டிவிடலாமா?"

அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். மற்றவற்றை முடிவில் இரண்டு வார்த்தையில் சொல்கிறேன்.

முடியாது தம்பி. ரிமோட் என்றால் ஆட்களின் தொடர்பு குறையும் என்று நினைக்கிறாய். நேரில் வந்து கணினியைத் தொடுகிறவனை ஆபரேட்டர் கண்ணால் பார்க்கிறார். அவன் யார், என்ன செய்கிறான் என்று அவருக்குத் தெரியும். தூரத்திலிருந்து தொடுகிறவனை அவர் பார்ப்பதே இல்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்கிறது, அவ்வளவுதான். அதை நகர்த்துவது யார், எதற்கு என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லத் தெரியாதவனை இங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் வந்தது ஒரு ஜனவரியில். "உட்கார்ந்த வேலை, நாலு மானிட்டர், ஆங்கிலம் போதும்" என்று சொல்லித்தான் ஒப்பந்த நிறுவனம் அனுப்பியது. வந்த வாரத்திலேயே கேன்டீனில் நான் உட்கார்ந்த மேஜையிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். நிறமா, நாடா என்று மனதில் என்னென்னவோ ஓடியது. காரணம் வேறு. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த குழு, ஆபரேட்டர்களிடம் சொல்லாமல் எல்லா ஸ்டேஷனிலும் திரையைப் பார்க்கும் மென்பொருளை ஏற்றியிருந்தது. பார்ப்பது தெரியாதபடி அதன் சின்னத்தையும் மறைத்துவிட்டார்கள். ஒரு மேலாளர் அதை வைத்து யார் எத்தனை நிமிஷம் சும்மா நின்றார் என்று கணக்குப் போட்டிருக்கிறார். விஷயம் வெளியே வந்து பெரிய சண்டையாகி அந்தக் குழு போனது. அதே நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். இதில் ஒன்றையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்கு நானும் ஒரு ஒற்றன்.

இது ஏன் அவ்வளவு பெரிய சண்டை என்று நம் ஊரிலிருந்து பார்த்தால் புரியாது. நம் ஊரில் கம்பெனிக் கணினி என்றால் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் பார்க்கும் என்று விட்டுவிடுவோம். ஜெர்மனியில் ஆலைத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு உண்டு, பெட்ரீப்ஸ்ராட் என்பார்கள். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில்கூட அப்படி ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கான 1972ஆம் வருஷத்துச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, தொழிலாளியின் நடத்தையையோ வேலைத்திறனையோ கண்காணிக்கும் எந்தத் தொழில்நுட்பக் கருவியைக் கொண்டுவந்தாலும் அந்தக் குழு ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. "கண்காணிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை" என்று நிர்வாகம் சொன்னாலும் செல்லாது. கண்காணிக்க முடிகிற கருவியாக இருந்தாலே போதும் என்றுதான் இங்குள்ள தொழிலாளர் நீதிமன்றம் பொருள் கொள்கிறது. நீ திறக்கப்போகும் ஒவ்வொரு திரையும், எந்த ஆபரேட்டர் எத்தனை மணிக்கு லாகின் செய்தார் என்ற ஒவ்வொரு பதிவும் இதற்குள் வரும். அதனால் வேலையில் சேர்ந்ததும் நிர்வாகத்துக்கும் அந்தக் குழுவுக்கும் இடையில் ரிமோட் பற்றி எழுதிய ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படி. அது ஜெர்மனில்தான் இருக்கும்.

எனக்கு வழி திறந்தது அறைக்குள் இருந்து இல்லை. காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு ஆரம்பம். அதற்கு முன்னாலேயே போய் லைனை ஒரு சுற்று நடப்பேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வணக்கம் சொல்லி, நேற்று ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று உடைந்த ஜெர்மனில் கேட்பேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் போல்ட் இறுக்கும் ஸ்டேஷனில் இருந்த ஒரு பெரியவர், ஸ்கேனர் பார்கோடை இரண்டு முறை படிக்கிறது என்று காட்டினார். அதை அன்றே சரிசெய்துவிட்டுப் போய்ச் சொன்னேன். அதிலிருந்து பேச்சு வளர்ந்தது. எல்லாக் கணினியிலும் ரிமோட் இணைப்பு வரும்போது அனுமதி கேட்கும் பெட்டி தோன்றும்படி மாற்றினேன். ஆபரேட்டர் சம்மதம் அழுத்தினால்தான் எனக்குத் திரை தெரியும், தெரிகிற நேரம் முழுக்கத் திரையைச் சுற்றி ஒரு வண்ணக் கோடு இருக்கும். வேறொரு கணினியின் திரையைத் தூரத்திலிருந்து பார்த்து இயக்க உதவும் வி.என்.சி. வகை மென்பொருள்களில் இதற்கெல்லாம் வசதி இருக்கிறது. இன்று லைனில் எது நின்றாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. அதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு.

இதைப் படிக்கிற நீ விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் போதாதா என்று கேட்பாய். ஆபரேட்டர் நிற்கும் கணினியில் அதைத் தொடாதே. சாதாரண விண்டோஸில் நீ உள்ளே நுழைந்த நொடியில் அங்கே இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். நீ வெளியே வந்த பிறகும் பூட்டியபடியே கிடக்கும், பாஸ்வேர்டு அவரிடம் இருக்காது. நம் நாட்டிலிருந்து வந்த ஒருவர், வேறொரு ஆலையில், லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி நுழைந்தார். ஸ்டேஷன் கறுத்துப்போய் லைன் நின்றது. ஆபரேட்டர் போன் செய்து ஜெர்மனில் கத்தினார். இவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, வைரஸ் வந்துவிட்டது என்று நினைத்து அந்தக் கணினியை ரீஸ்டார்ட் செய்தார். பாதி இறுக்கிய பாகங்களின் கணக்கெல்லாம் போனது. மொழி தெரிந்திருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். விண்டோஸே தொங்கிவிட்டால் கே.வி.எம். பெட்டி வேண்டும், அது கணினிக்கு வெளியே இருந்து திரையையும் கீபோர்டையும் கொண்டுவந்து தரும். ஆனால் விலை அதிகம் என்பதால் முக்கியமான ஸ்டேஷன்களுக்கு மட்டும்தான் வைப்பார்கள்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. பார்ப்பது வேறு, ஓட்டுவது வேறு. திரையில் ரீசெட், ஸ்டார்ட் பொத்தான்கள் உன் கைக்கு எட்டும். எட்டுகிறது என்பதற்காக அழுத்தாதே. பாதுகாப்பு வேலிக்குள் யாரும் இல்லை என்று நேரில் பார்த்தவர்தான் ரீசெட் கொடுக்க வேண்டும். அந்தப் பொத்தானை வேலிக்கு வெளியே, உள்ளே முழுதும் தெரிகிற இடத்தில் வைப்பதே அதற்காகத்தான். மெயின்டனன்ஸ் ஆள் குனிந்து உள்ளே கை விட்டிருக்கும்போது நீ நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஸ்டார்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. போனில் "உள்ளே ஆள் இல்லை" என்று அவர் சொல்கிறாரா, "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று சொல்கிறாரா? சத்தத்துக்கு நடுவில், அவசரத்தில், அந்த வட்டாரப் பேச்சில் அதை நீ தவறாமல் பிடிக்க வேண்டும். இதை எந்த மொழிபெயர்ப்புச் செயலியிடமும் ஒப்படைக்காதே.

நெட்வொர்க் பற்றி நீ கேட்கவே இல்லை, நானாகச் சொல்கிறேன். இலவச ரிமோட் மென்பொருளைச் சொந்தப் பழக்கத்தில் எங்கும் ஏற்றாதே. அப்படி ஒரு ரிமோட் மென்பொருளான டீம்வியூவரின் தலைமையகமே எங்கள் பக்கத்துக் கோப்பிங்கன் நகரில்தான் இருக்கிறது. அதன் இலவசப் பதிப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். பழைய வி.என்.சி. முறையில் பாஸ்வேர்டை எவ்வளவு நீளமாக வைத்தாலும் முதல் எட்டு எழுத்தைத்தான் பார்க்கும், அதைத் திறந்த இணையத்தில் விடுவது கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திருவிழாவுக்குப் போவதற்குச் சமம். லைன் கணினிகள் சுலபத்தில் புதுப்பிக்க முடியாதவை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் முடிந்தது. ஆனாலும் அவை இயந்திரத்தோடு வந்தவை, இயந்திரம் இருக்கும்வரை இருக்கும். 2017 மே மாதம் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது ரெனோ கார் ஆலைகள் நின்றன, இங்கே ரயில் நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளில் பணம் கேட்கும் செய்தி ஓடியது. அடுத்த மாதம் ஜப்பானில் ஹோண்டாவின் சயாமா ஆலை நின்றது. அந்த வைரஸ் நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. ஆகவே கணினிக்கு நேரடி இணைப்பு எதுவும் இல்லாமல், நடுவில் ஒரு சர்வர் வழியாக, யார் எப்போது எந்தக் கணினிக்குப் போனார் என்ற பதிவோடு மட்டும் உள்ளே போ. இங்கே பல இயந்திரங்களின் பேனலில் ஒரு சாவி சுவிட்ச் இருக்கும். லைனில் இருப்பவர் அதைத் திருப்பினால்தான் வெளியிலிருந்து வழி திறக்கும், வேலை முடிந்ததும் திருப்பி மூடிவிடுவார். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த ஏற்பாடு அது. சாவி அவர் கையில். நீ கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நான் பாலக்கோட்டுக்காரன். நான் படித்த காலத்தில் கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான், 2004இல்தான் பிரிந்தது. ஓசூர் போவதற்கு முன் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் கணினி வேலை பார்த்தேன். பெங்களூரா மாங்காய் வரும் சீசனில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும், மற்ற மாதங்களில் எல்லாம் பூட்டிக் கிடக்கும். சீசன் முதல் நாள் கணினிகளைப் போட்டால் அத்தனை மாத அப்டேட்டும் ஒன்றாக இறங்க ஆரம்பிக்கும், வாசலில் லாரிகள் நிற்கும். திரையெல்லாம் கூழ் ஒட்டிப் பிசுபிசுக்கும், எறும்பு பேனலுக்குள் போகும். அலுவலக அறையில் இருந்தே பார்க்கலாம் என்று முதலாளி ஒரு மானிட்டர் வைக்கச் சொன்னார், வைத்தேன். ஆனால் பீப்பாய் நிரப்பும் இடத்தில் காவேரிப்பட்டணத்துப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். நீராவிச் சத்தம் மாறினாலே "சூடு இறங்குதுப்பா" என்பார், அதற்கு அப்புறம்தான் என் மானிட்டரில் கோடு சரியும். அவர் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பெங்களூரிலிருந்து வரும் மெக்கானிக்கிடம் கன்னடம். பள்ளிக்கூடம் அவ்வளவாகப் போகாதவர் மூன்று மொழியில் வேலை வாங்கினார். நீயும் அந்த மண்ணில் வளர்ந்தவன். பர்கூர்ச் சந்தையில் தெலுங்கில் பேரம் பேசியிருப்பாய். நான்காவது மொழிக்கு நீ ஏன் தயங்குகிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

தயங்க வைப்பது இங்கே இருக்கும் நம்மவர்கள்தான். "பத்து வருஷமாக ஆங்கிலத்திலேயே ஓட்டுகிறேன்" என்று சொல்கிறவர்கள் உன்னைச் சுற்றி நிறையப் பேர் வருவார்கள். அவர்கள் மென்பொருள் நிறுவனத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவர்கள். லைனுக்குப் போனால் சட்டை அழுக்காகும் என்று நினைப்பவர்களும் உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்காதே. இன்னொரு கூட்டம் வந்திறங்குகிறவனுக்கு அறை பிடித்துத் தருவதாகச் சொல்லி, ஒரே வீட்டில் அடைத்து, மாதா மாதம் நல்ல காசு வாங்கும். ஆனால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் தர மாட்டார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும், அதற்கு அந்தக் கடிதம் வேண்டும். முகவரி பதியாவிட்டால் வரி எண்ணும் அதைத் தொடர்ந்த வேலைகளும் இழுத்துக்கொண்டே போகும். தமிழில் பேசுகிறார் என்பதற்காக முன்பணம் கொடுத்துவிடாதே. கடிதம் தருவேன் என்று எழுத்தில் வாங்கு.

சரி, மற்றவை. சம்பளம் போதும். குளிருக்குப் போடும் கோட்டு இங்கே வந்து வாங்கு, பெங்களூரில் வாங்கினால் இங்கே உதவாது. மனைவியை அழைத்துவருவதை நிறுவனத்திடமே கேள், அவர்களுக்குத் தெரியும். கேழ்வரகு மாவு இந்தியக் கடைகளில் கிடைக்கிறது, களி கிண்டலாம். ராத்திரி வீட்டிலிருந்து லாகின் செய்யச் சொன்னால் அந்த நேரத்தையும் வேலை நேரமாக எழுதிவை, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் 11 மணி நேர ஓய்வு சட்டப்படி உனக்கு உண்டு.

டிக்கெட் போடுவதற்கு முன் பி1 என்கிற நடுத்தர நிலை வரைக்குமாவது ஜெர்மன் வகுப்பில் சேர்ந்து படி, பெங்களூர் எட்டும் தூரம்தான். சேர்ந்ததும் எனக்கு எழுது. ரிமோட் ஒப்பந்தம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று, பெயர்களை நீக்கிய ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அனுப்புகிறேன், அதை வைத்தே படித்துப் பழகு.